ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்

“உங்க வீட்டுல இந்த வேலை தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா?”

“நான், என் வைஃப், ஒரு பொண்ணு. அவ்வளவுதான் மேடம். வைஃபுக்கு இதெல்லாம் தெரியாது.”

“படிச்சவங்கதானே?”

“படிச்சா. திருச்சியில கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். என்ன பிரயோஜனம்? இப்ப அவ உலகம் குக்கர், குழந்தை.”

“கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாங்களா?”

“தொடுவா. தூசி தட்டுறப்ப.”

சொல்லிவிட்டு அருண்பிரசாத் சிரித்தான். எதிரில் இருந்த சந்திரகலா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு, அவள் கேட்காத ஒன்றையும் சொன்னான்.

“இன்னொண்ணு மேடம். என் லேப்டாப் இன்னும் சென்னை நேரத்துலதான் ஓடுது. பாரிஸ் வந்து எட்டு வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூட மாத்தல. அம்மா போன் பண்ற நேரம் கண்ணுல படணும்னு. இது உங்களுக்கு உபயோகப்படலாம்.”

“எழுதிக் கொடுங்க” என்றாள் சந்திரகலா.

எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

திங்கட்கிழமை நடந்த பேச்சு அது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு லா ஷப்பெல் மெட்ரோவின் இரும்புப் பாலத்துக்கு அடியில் நடந்துகொண்டிருந்தபோதும் சந்திரகலாவின் காதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் பிறந்து, பதினெட்டு வயதில் பாரிஸ் வந்து, அரசாங்கத்தின் வெளிநாட்டவர் பிரிவில் ஒரு கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள். கேட்ட கேள்விக்குத் திணறுகிறவனை அவள் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கொண்டுவருகிறவனின் கோப்பைத்தான் தனியாக எடுத்து வைப்பாள். ஓய்வுபெற்றபின் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது அந்தப் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

“அக்கா, நீங்கள் இப்பிடி யோசிச்சுக்கொண்டு நடந்தால் பஸ் வந்து அடிக்கும். பிறகு உங்களைக் கொண்டது ஆரெண்டு நான் தனியத் துப்பறிய வேணும்” என்றான் பக்கத்தில் வந்த குலசேகரம்.

குலசேகரம் அவளுடைய உதவியாளன். பருத்தித்துறைக்காரன், நாற்பத்தைந்து வயது. முதுகு பிடித்துக்கொண்டதால் டெலிவரி வான் ஓட்டுவதை விட்டுவிட்டு அவளிடம் சேர்ந்தவன். வாய்க்கு மட்டும் எந்த நோயும் கிடையாது.

“நாலு மணிக்குள்ள முடியணும்” என்றாள் சந்திரகலா.

“முடியும். ஆர் எண்டு தெரிஞ்சால் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

பகிடி போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் இந்த வழக்கை எடுக்கச் சொன்னதே அவன்தான். செத்துப்போன அற்புதராணி அவன் மனைவிக்குப் பெரியம்மா.

பாரிஸை அடுத்த எபினே-சூர்-செய்னில் தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தாள் அற்புதராணி. மார்ச் கடைசி ஞாயிறு, இரவு உணவுக்கு முன் ஏழு மணிக்கு இன்சுலின் போட்டார்கள். எட்டு மணிக்கு, அவளுக்கு இன்னும் ஊசி போடவில்லை என்று கணினிப் பட்டியல் காட்டியது. ஷிஃப்ட் மாறி வந்த நர்ஸ் மறுபடியும் போட்டாள். பத்து நாள் கண் திறக்காமல் கிடந்து அற்புதராணி போய்விட்டாள்.

அந்தப் பட்டியல் ஏன் பொய் சொன்னது என்று தோண்டியவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் அருண்பிரசாத்தின் கையெழுத்து. இல்லத்தின் கணினிகளில் ஓடுவது கரவெல் என்ற இயங்குதளம்; அதைத் தன்னார்வலர்கள் சேர்ந்து இலவசமாகத் தருகிறார்கள். அதில் பேக்கேஜ்கள் எனப்படும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மென்பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் பெயர் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். நாளையும் நேரத்தையும் கணக்குப் போடும் லைப்ரரிக்கு ஆறு வருடமாகப் பொறுப்பாளர் அருண்பிரசாத். அந்த ஞாயிறு பகலில் அதன் புதிய பதிப்பு அவனுடைய மின்கையெழுத்தோடு வெளியாகி, மாலைக்குள் இல்லத்தின் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தன் கையெழுத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்பது அவன் கட்சி; அந்தத் திருடனைப் பிடிக்கத்தான் சந்திரகலாவிடம் வந்தான். இன்று நாலு மணிக்குக் கரவெல்லின் குழு கூடித் தீர்ப்புச் சொல்லும். விலக்கினால் அவன் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அட்டையான கார்த் து செழூரும் ஆட்டம் காணும்.

ரூ பஜோல் என்ற தெருவில் ஒரு கட்டடத்தின் பின்முற்றத்து அறைதான் கரவெல்லின் சோதனைக் கூடம். சுவர் முழுக்க இரைந்துகொண்டிருக்கும் மெஷின்கள். குழுவில் ஒருத்தியான ஷார்லோத் ஆப்பிளைக் கடித்தபடி கதவைத் திறந்தாள். ஐம்பது வயது, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், யாரையும் நம்பாத கண்.

“அருணுக்காக வந்தவர்களா? வீண் வேலை. கையெழுத்து அவருடையது” என்றாள் பிரெஞ்சில்.

“கையெழுத்தைப் பார்க்க வரவில்லை. சோதனையைப் பார்க்க வந்தோம்” என்றாள் சந்திரகலாவும் பிரெஞ்சில்.

ஷார்லோத் திரையைத் திருப்பினாள். லைப்ரரி மாறும்போது அதை மட்டும் சோதித்தால் போதாது, அதை நம்பியிருக்கிற மற்ற எல்லாப் பேக்கேஜ்களின் சோதனைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும், எல்லாம் பச்சையாக வந்தால்தான் வெளியிடலாம், ஒன்று சிவப்பானாலும் நிறுத்த வேண்டும் என்று விளக்கினாள்.

“விளங்குது” என்றான் குலசேகரம் தமிழிலேயே. “கடைக்காரன் பருப்பை மாத்தினால், அந்தப் பருப்பை வாங்கிற எல்லாச் சாப்பாட்டுக் கடையிலயும் போய்ச் சாம்பாரை ருசி பாக்க வேணும்.”

சந்திரகலா அதை மொழிபெயர்த்ததும் ஷார்லோத் முதல் தடவையாகச் சிரித்தாள். “அதேதான். அந்த ஞாயிறு ஒரு சாம்பார் கெட்டிருந்தது. ருசி பார்த்தவர் துப்பிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்.”

முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சைகளுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறக் கோடு, சிவப்பாக வந்து கணக்கில் எடுக்காமல் விட்ட சோதனை. பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு குறிப்பு: “கோடை நேர மாற்றம். நாளை சரியாகிவிடும். இதைத் தவிர்க்கவும்.”

“கடிகாரம் மாறுகிற நாளா அது?” என்றாள் சந்திரகலா.

“ஆமாம். இந்தச் சோதனை ‘இன்று அதிகாலை இரண்டரை மணி’ என்று ஒரு நேரத்தைக் கேட்கும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் இரண்டிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவுகிறது. அன்றைக்கு இரண்டரை மணியே கிடையாது. அதனால் நாள் முழுக்க சிவப்பு. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற தொல்லை. இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். சிரித்துவிட்டுத் தாண்டிப் போவோம். ஆனால் இந்தத் தடவை புதிய பதிப்பிலும் நிஜமாகவே ஒரு பிழை இருந்தது. ஒரு மணி நேரத்தைத் தப்பாக எண்ணியது. அதுவும் அதே சோதனையைத்தான் சிவப்பாக்கியது. ஒரே சட்டைக்குள் இரண்டு திருடர்கள். பார்த்தவருக்கு ஒருவன்தான் தெரிந்தான்.”

“சென்னையில் கடிகாரம் தாவுமா?”

ஷார்லோத் பதில் சொல்லுமுன் குலசேகரம் தமிழில் முந்திக்கொண்டான். “அங்கை அரசாங்கம் மாறும். நேரம் மாறாது.”

“அப்படியென்றால் சென்னை நேரத்தில் ஓடும் ஒரு மெஷினில் இந்த வருடாந்திரத் தொல்லை வராது. வராத தொல்லையைப் பற்றி யாரும் குறிப்பு எழுத மாட்டார்கள்.”

ஷார்லோத்தின் பல் ஆப்பிளிலேயே நின்றது. பதிவைக் கீழே இழுத்துப் பார்த்தாள். “பாரிஸ் நேரம். பாரிஸ் நேரத்து மெஷினில்தான் ஓட்டியிருக்கிறார்கள்.”

சந்திரகலா அருண்பிரசாத்தின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஷார்லோத் படித்துவிட்டு நீளமாக மூச்சு விட்டாள். “அப்படியானால் அவர் சொன்னது உண்மை. அவருடைய மெஷின் இல்லை.”

“முடிஞ்சுது” என்று குலசேகரம் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் பகிடி இல்லை. “வீட்டில வேற ஒரு மெஷின் இருக்கும். வீட்டில இருக்கிறது ஒரு மனிசி. வாங்கோ அக்கா.”

“உட்கார்.”

“ஏன்?”

“கதவை நாம திறக்கல குலசேகரம். அவன் திறந்து வச்சிட்டுப் போயிருக்கான்.” ஷார்லோத் பக்கம் திரும்பினாள். “ஆறு வருடத்துப் பதிவுகளும் வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனைக்கு முடிந்தது. அது மட்டும்.”

அச்சடித்து வந்த தாள்களில் பாதி குலசேகரத்தின் மடியில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே விரலால் கோடிழுத்துக்கொண்டு போனான். கால் மணி நேரம் கழித்து முணுமுணுப்பு நின்றது.

“அக்கா. இந்த ஆள் செவ்வாயும் வெள்ளியும் ரெண்டே முக்காலுக்குக் கடையைப் பூட்டுது. திங்களும் வியாழனும் நாலேகாலுக்கு. புதன் எண்டால் பதினொண்டேகாலுக்கே. ரெண்டு வருசமா ஒரு நாளும் பிசகேல்லை. இது ஆரெண்டு எனக்குத் தெரியும்.”

“யாரு?”

“நான்தான்.”

சந்திரகலா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ர மனிசி வேலைக்குப் போறா. பிள்ளையளை ஏத்தப் போறது நான். பாரிஸ் பள்ளிக்கூடம் செவ்வாய், வெள்ளி மூண்டு மணிக்கு விடும். திங்கள், வியாழன் நாலரை. புதன் அரை நாள். அங்கை போய் வாசலில நிண்டு பாத்தவனுக்குத்தான் இந்தக் கணக்கு விளங்கும். ஆபீசில இருந்து வேலை செய்யிறவனுக்கு விளங்காது.”

அவனிடமிருந்த பழைய தாள் ஒன்றில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நாலு வருடத்துக்கு முந்திய நவம்பரில், பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதினொரு நாள் ஒரு சோதனையும் ஓடவில்லை. பன்னிரண்டாம் நாள் மறுபடி தொடங்கியிருந்தது, ஒரே நாளில் எட்டு ஓட்டம்.

“அந்த நவம்பரில் அருண் எங்கே?” என்று சந்திரகலா கேட்டாள்.

ஷார்லோத் யோசித்தாள். “பிரஸ்ஸெல்ஸில். எங்கள் மாநாட்டில். ‘நான் எப்படிச் சோதிக்கிறேன்’ என்று பேசினார். எழுந்து நின்று கைதட்டினோம்.”

அருண்பிரசாத்தின் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் மூன்று மணிக்குத் தாய்மார்களின் கூட்டம். நீலக் கோட்டும் கையில் ஒரு காகிதப் பையுமாகச் சுவரோரம் தனியாக நின்றவளை சந்திரகலா நேரே போய்ப் பிடித்தாள். முப்பத்து மூன்று வயதிருக்கும். தூக்கமில்லாத முகம்.

“நிரஞ்சனா?” என்றாள், அருண்பிரசாத்தின் கோப்பிலிருந்த மனைவியின் பெயரைச் சொல்லி.

“நீங்கதான் அவர் வச்ச டிடெக்டிவா?” என்றாள் அவள். “காலைல சொன்னார். இன்னைக்கு வருவீங்கன்னு. வந்தா என்ன சொல்லணும்னும் சொன்னார்.”

“என்ன சொல்லணுமாம்?”

“தூசி தட்டுறப்ப தெரியாம ஏதோ பட்டனை அமுக்கிட்டேன்னு.”

குலசேகரம் ஒரு அடி முன்னால் வந்தான். “பட்டனை அமுக்கினால் அது பிரெஞ்சில குறிப்பும் எழுதுமோ தங்கச்சி? நல்ல பட்டன். எங்கட பெரியம்மா செத்ததும் தூசியாலதானோ? ஆஸ்பத்திரியில பத்து நாள் வாயைத் திறந்தபடி கிடந்தவ. ஈ மொய்க்காமல் நாங்கள் மாறி மாறி விசிறினனாங்கள். அதையும் தட்டி விடுங்கோவன்.”

பக்கத்தில் நின்ற இரண்டு தாய்மார்கள் மொழி புரியாமலே விலகிப் போனார்கள். சந்திரகலா அவனைத் தடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு அடியில்தான் உண்மை வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். கவுண்டரில் அழுதவர்களை நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கிய கை அவளுடையது.

நிரஞ்சனா அழவில்லை.

“அற்புதராணி. அறுபத்தேழு வயசு. ரெண்டாவது மாடி, பன்னிரண்டாம் நம்பர் ரூம்” என்றாள். “சாவுக்கு வந்திருந்தேன். நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள கூப்பிட்டுட்டு இருந்தீங்க. என்னையும் கூப்பிட்டீங்க, வாங்கோ தங்கச்சின்னு. நான்தான் உள்ள வரல.”

குலசேகரம் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தான்.

கதவு திறந்து பிள்ளைகள் கொட்டின. ஒரு சின்னப் பெண் ஓடிவந்து காகிதப் பையைப் பிடுங்கி அதற்குள் தலையை விட்டது.

“பேர் என்ன?” என்று கேட்டான் குலசேகரம், குரலை இறக்கிக்கொண்டு.

“ரேஷ்மா.”

“பிறந்த நாள் எப்ப?”

“நவம்பர் பன்னிரண்டு” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

குலசேகரம் சந்திரகலாவைப் பார்த்தான். பிறகு நிரஞ்சனாவிடம் மெதுவாக, “பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் எழும்பி இருந்து எட்டுத் தரம் ஓட்டினியளோ?” என்றான்.

“பதினொரு நாள்ல வேலை சேர்ந்துபோச்சு. போன்ல திட்டினார்.”

பக்கத்துப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னதை சந்திரகலா குறுக்கே பேசாமல் கேட்டாள். கல்யாணமான இரண்டாவது மாதம் அவன் தன் மின்கையெழுத்தின் சாவியை வீட்டு மெஷினில் ஏற்றி, ஆபீஸில் வேலை அதிகம், கொஞ்ச நாள் நீ பார் என்றான். கொஞ்ச நாள் ஆறு வருடமாயிற்று. பிழை பிடித்தது, திருத்தியது, முந்நூறு பேக்கேஜையும் ஓட்டியது எல்லாம் அவள். பெயரும் கைதட்டலும் அவனுக்கு. அந்த ஞாயிறு அவன் டூலூஸில் ஒரு மேடையில் இருந்தான்.

“ஒண்ணு சிவப்பா வந்திருக்குன்னு போன் பண்ணேன். கோடை நேரம்தான், தாண்டிப் போன்னார். நாளைக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அனுப்பலாமான்னு கேட்டேன். இன்னைக்கே வெளியாகும்னு மேடையில சொல்லிட்டேன், மானத்தை வாங்காதேன்னார். எனக்கு உறுத்துச்சு மேடம். உறுத்திக்கிட்டே அனுப்பினேன்.” ஈரத் துணியைப் பிழிவதுபோல் தன் விரல்களை முறுக்கிக்கொண்டாள். “அவர் சொன்னார்னு நான் தப்பிக்க முடியாது. விரல் என்னோடது. திங்கக்கிழமை இவளை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து முதல் வேலையா ஓட்டினேன். அப்பவும் சிவப்பு. ஒன்பது பத்துக்குத் திருப்பி எடுத்துட்டேன். அதுக்குள்ள எபினேல எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“டிக்கெட் எடுத்திருக்கார். பாரிஸ் டு சென்னை, நாளன்னைக்கு. தூசிக் கதையைச் சொன்னா கேன்சல் பண்ணிடறேன்னார்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒரு டிக்கெட்தான் மேடம். ரேஷ்மாவுக்கு இங்க ஸ்கூல் இருக்காம்.”

குலசேகரத்துக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியது. “அப்ப உவர் எங்களைப் பிடிச்சது கள்ளனைக் கண்டுபிடிக்க இல்லை.”

“இல்ல” என்றாள் சந்திரகலா. “பெண்டாட்டியைக் காட்டிக் கொடுத்தான்னு பேர் வரக்கூடாது. நாம காட்டிக் கொடுக்கணும், அவன் அதிர்ச்சியாகணும். சென்னை நேரத்தை அதுக்குத்தான் கையில கொடுத்தான்.”

அவள் நிரஞ்சனாவின் பக்கம் திரும்பினாள். குரலில் இரக்கம் எதுவும் இல்லை. “கேளும்மா. உன் கார்த் து செழூர் எதுவரைக்கும்?”

“அடுத்த வருஷம் ஜூன்.”

“அப்ப டிக்கெட் எடுக்கிறது அவன் வேலை, ஏறுறதும் ஏறாததும் உன் வேலை. அவன் போலீஸ் இல்ல. முப்பத்தோரு வருஷம் அந்த பப்பியே, காகிதம் எல்லாம் என் கை வழியாத்தான் போச்சு. அது ஒண்ணு. ரெண்டாவது, உண்மையைச் சொன்னா அந்தச் சாவுல உனக்கும் பங்குன்னு எழுதுவாங்க. கோர்ட் வரைக்கும் போகலாம். நான் அதை மூடி மறைக்க மாட்டேன். தூசிக் கதையைச் சொன்னா நீ ஒண்ணும் தெரியாத பொண்ணு, யாரும் உன்னைத் தொட மாட்டாங்க. எதுன்னு நீயே முடிவு பண்ணு. எனக்கு நாலு மணிக்கு ராந்தெவு.”

நிரஞ்சனா குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த சாக்லேட்டைத் துடைத்தாள். “அவர்கிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றாள், தனக்குத்தானே பேசுவதுபோல்.

“என்ன?”

“விடுங்க மேடம். இப்ப போய் அதைக் கேட்டா சிரிப்பாங்க.” எழுந்து குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நானும் வரேன்.”

நாலு மணிக்குச் சோதனைக் கூடத்தில் அருண்பிரசாத் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பெரிய திரையில் குழுவின் மற்ற நாலு முகங்கள். துப்பறிபவளோடு மனைவியும் குழந்தையும் உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவன் கண்ணில் ஒரு வினாடி வெளிச்சம் தெரிந்து மறைந்தது. உடனே முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டான்.

“கண்டுபிடித்துவிட்டீர்களா?” என்றான் பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கும்படி. “நான் பயந்தது இதைத்தான். தயவுசெய்து இவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். இவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வீட்டு மெஷினில் என் சாவி இருந்தது என் அஜாக்கிரதை. என்னால் முடிந்தது ஒன்றுதான், திங்கட்கிழமை காலை பார்த்தவுடனே அதைத் திரும்பப் பெற்றேன்.”

திரையில் ஒருவர் தலையசைத்தார். ஷார்லோத் எதையோ எழுதிக்கொண்டாள். மனைவியின் தோளில் அவன் கை வைத்தான். அவள் அசையவில்லை.

“ஒரு சந்தேகம்” என்றாள் சந்திரகலா. “ஞாயிறு செய்தது உங்கள் மனைவி. திங்கள் ஒன்பது பத்துக்குத் திரும்பப் பெற்றது?”

“நான்.”

“அப்போது எங்கே இருந்தீர்கள்?”

“டூலூஸிலிருந்து வரும் ரயிலில்.”

“எந்த மெஷினில்?”

“என் லேப்டாப்பில்தான்.”

“ஒரு நாளும் நேரம் மாற்றாத லேப்டாப்.”

“ஆமாம். எழுதிக் கொடுத்திருக்கிறேனே” என்றான். சொல்லி முடிக்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது.

சந்திரகலா ஷார்லோத்தைப் பார்த்தாள். ஷார்லோத் பதிவைத் திறந்து, அவசரமில்லாமல் படித்தாள். “திங்கள், ஒன்பது பத்து. பாரிஸ் நேரம். ஞாயிறு ஓடிய அதே மெஷின்.”

“அது மட்டுமில்லை” என்று தாள்கட்டை மேசையில் போட்டாள் சந்திரகலா. “ஆறு வருடம். நாலாயிரத்து எழுபது சோதனை ஓட்டம். உங்கள் கையெழுத்து எல்லாவற்றிலும் இருக்கிறது. சென்னை நேரம் ஒன்றில்கூட இல்லை. உங்கள் கடிதத்தின்படி இதில் ஒன்றுகூட நீங்கள் ஓட்டியதில்லை. கடிதம் பொய்யென்றால் அந்த ஞாயிறு உங்களுடையது. கடிதம் உண்மையென்றால் ஆறு வருடமும் உங்கள் மனைவியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அவளிடம் தள்ளிவிட்டு மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது.”

மெஷின்கள் இரைந்தன. ரேஷ்மா தரையில் உட்கார்ந்து ஒரு பழைய கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அருண்பிரசாத் மனைவியின் பக்கம் குனிந்தான். திரையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டே சொன்னான்: “ஏய், வாயைத் திற. காலைல சொல்லிக் கொடுத்தேன்ல. தூசி தட்டினேன், அந்த ஒரு நாள்தான்னு சொல்லு. டிக்கெட் ஞாபகம் இருக்கில்ல? உன்னைத் தனியா ஏத்தி அனுப்பிட்டு, இவகிட்ட அம்மா செத்துட்டான்னு சொல்லிடுவேன்.”

கதவில் சாய்ந்து நின்ற குலசேகரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல சத்தமாக அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தான். வரிவரியாக, ஒன்றும் விடாமல். டிக்கெட்டை இரண்டு தடவை சொன்னான்.

“மன்னிக்க வேணும் தம்பி, எங்கட பிரெஞ்சு கொஞ்சம் மட்டம்” என்று கடைசியில் தமிழில் சேர்த்தான். “பிழை இருந்தால் நீங்கள் திருத்துங்கோ.”

திரையில் ஒரு பெண் வாயில் கை வைத்தாள். அருண்பிரசாத்தின் சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்து கிடந்தது. மனைவியின் தோளிலிருந்து கை மட்டும் தானாக விலகியது.

ஷார்லோத் பேனாவை மூடினாள். “மதாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று நிரஞ்சனாவிடம் கேட்டாள். “யோசித்துச் சொல்லுங்கள். இங்கே சொல்வது முதியோர் இல்லத்தின் வக்கீல்களுக்கும் போகும்.”

நிரஞ்சனா குழந்தையின் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். குலசேகரத்தை ஒரு தடவை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கணவனிடம் தமிழில் பேசினாள். சண்டைபோடும் குரல் இல்லை அது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஆறு வருஷமா இருந்தேன். கல்யாணமான புதுசுல கேட்டா பேராசைக்காரின்னு நினைப்பீங்கன்னு விட்டேன். இவ பிறந்தப்ப கேக்கலாம்னு இருந்தேன், நீங்க ஊர்ல இல்ல. அந்த அம்மா போனதுக்கு அப்புறம், கேக்கற தகுதியே போச்சுன்னு நினைச்சேன். இப்பவும் நீங்க கொடுக்க மாட்டீங்க. அதனால உங்ககிட்ட கேக்கல.”

ஷார்லோத்தின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, பிரெஞ்சில் சொன்னாள்.

“பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். முதல் நாளிலிருந்து. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும்.”